வளரிளம் பிள்ளைகளின் மனநலப் பாதிப்பு: பெற்றோருக்குப் பெற்றோரே துணை



கல்வி உதவிக்காக நம்மிடம் வரும் விண்ணப்பப் படிவத்தில் "படிப்பு இடையில் நின்றிருந்தால் காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. வறுமை, தந்தைக்கு வேலை இல்லை என்று பலரும் நேராக எழுதிவிடுகிறார்கள். சில படிவங்களில் மட்டும் "உடல்நலக் குறைவு" என்று இருக்கும். என்ன குறைவு என்று கேட்டால் தலைவலி, அல்சர், ரத்தசோகை என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அந்தத் தாய் மட்டும் போகாமல் உட்கார்ந்திருப்பார். "ராத்திரி தூங்குறதே இல்லைங்க. ரூமைப் பூட்டிக்கிறான். அவங்க அத்தாகூட ஒரு வார்த்தை பேசுறதில்லை. யாருக்கும் தெரியாது" என்று மெல்லச் சொல்வார்.

"யாருக்கும் தெரியாது" என்ற அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம். பிள்ளையின் நோய் ஒரு பாரம். அதை யாரிடமும் சொல்லாமல் சுமப்பது இன்னொரு பாரம். இந்த இரண்டாவது பாரத்தை இறக்கி வைக்க ஒரு வழி இருக்கிறது. அது மருந்துக்கடையில் கிடைக்காது, பெரிய செலவும் இல்லை. இதே பாதையில் நமக்கு முன்னால் நடந்துபோன இன்னொரு தாயோ தந்தையோ நம் எதிரில் உட்கார்ந்து பேசுவதுதான் அந்த வழி.

முதலில் அளவைப் பார்ப்போம். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. நாற்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பெருநகரங்களில் இது 13.5 சதவீதம். பெரியவர்களிடம் காணப்படும் மனநோய்களில் பாதி, 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக ரெட்டியார்பாளையத்திலோ மேட்டுப்பாளையத்திலோ லாஸ்பேட்டையிலோ நம் குடும்பங்கள் வாழும் எந்தத் தெருவை எடுத்தாலும், இந்தக் கவலையோடு இரவைக் கழிக்கும் வீடு ஒன்றாவது இருக்கும். அடுத்த தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். இந்த இரண்டு வீட்டாரும் ஜும்ஆவில் பக்கத்துப் பக்கத்தில் நின்று தொழுதிருப்பார்கள். ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியாது.

ஏன் மறைக்கிறோம் என்பதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றை லேசாக ஒதுக்கிவிட முடியாது. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், தம்பி மனநல மருத்துவரிடம் போய் வருகிறான் என்ற செய்தி வெளியே போனால் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்ப வரமாட்டார்கள். அது நடக்கவே நடக்காது என்று நாங்கள் பொய் சொல்லப் போவதில்லை. நம் ஊரில் சம்பந்தம் பேசும்போது விசாரிக்கிறவர்கள் எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். போதாததற்கு, "வளர்ப்பு சரியில்லை", "தாய்க்காரி செல்லம் கொடுத்தாள்", "ஒழுங்காகத் தொழவைத்திருந்தால் இப்படி ஆகுமா" என்று சொல்ல நாலு பேர் தயாராக இருக்கிறார்கள். தாய் அதைக் காதில் வாங்கிவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள். தந்தை துபாயிலோ குவைத்திலோ இருந்தால், அவருக்கும் பாதிதான் சொல்லப்படுகிறது. "தூரத்துல இருக்கார், பயந்துடுவார்" என்று நினைக்கிறார்கள்.

இந்த மறைப்புக்குப் பிள்ளை கொடுக்கும் விலை காலம். குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று ஒரு பதினேழு வயதுப் பையன் சொல்லத் தொடங்கினால், முதல் சில மாதங்களுக்குள் சிகிச்சை கிடைப்பதும் இரண்டு ஆண்டு கழித்துக் கிடைப்பதும் ஒன்றல்ல. சிகிச்சை தள்ளிப் போகப் போக மீண்டு வருவது கடினமாகிறது. அந்த இரண்டு ஆண்டில் பெற்றோர் என்ன செய்திருப்பார்கள்? ஓதிப் பார்த்திருப்பார்கள், தாயத்துக் கட்டியிருப்பார்கள், ஊர் மாற்றி மாமா வீட்டில் விட்டிருப்பார்கள், போனைப் பிடுங்கியிருப்பார்கள், அடித்தும் இருப்பார்கள். ஒவ்வொன்றையும் தனியாக, யாரிடமும் யோசனை கேட்க முடியாமல் செய்திருப்பார்கள்.

புதுச்சேரிக்கு இதில் கூடுதல் அவசரம் இருக்கிறது. தேசியக் குற்றப் பதிவேட்டுத் துறையின் 2015ஆம் ஆண்டுக் கணக்கில், ஒரு லட்சம் பேருக்கு 43.2 என்ற அளவில் தற்கொலைகள் பதிவாகி நம் யூனியன் பிரதேசம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. 2022இல் அது 29.7 ஆகக் குறைந்தது. அப்போது நாட்டின் சராசரி 12.4. குறைந்த பிறகும் இரண்டு மடங்குக்கு மேல்.

குடும்பம் தனியாகத் தவிப்பதன் கடைசிப் படியை நாம் ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டி நடத்தப்பட்ட ஒரு தனியார் மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கிருந்த இப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று அப்போது பேசப்பட்டது. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலானவர்கள் எல்லா வாசலையும் தட்டிக் களைத்துப்போன அத்தாக்களும் அம்மாக்களும் அண்ணன்களுமாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு நோயைப் புரியவைக்கவும், இரவில் ஒரு மணிக்கு "நானும் இதைத் தாண்டி வந்தேன்" என்று சொல்லவும் ஆள் இல்லை. இன்று ஏர்வாடியிலும், குஜராத்தில் மேசானா மாவட்டத்து மீரா தாத்தார் தர்காவிலும் துஆவும் தவாவும் சேர்ந்தே நடக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஸியாரத்துக்கு வருகிறவர் அங்கேயே மருத்துவரையும் பார்க்கலாம். உனாவாவில் உள்ள அந்த மீரா தாத்தார் தர்காவில் 2008இல் இது தொடங்கியது.

ஓதிப் பார்ப்பதா, ஊசி போடுவதா என்ற சண்டை நம் சமூகத்தில் தேவையே இல்லாதது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். 9ஆம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்த துக்கம், காரணம் தெரியாத துக்கம் என்று அன்றே அவர் பிரித்துப் பார்த்தார். 1284இல் கெய்ரோவில் எழுந்த கலாவூன் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. பெற்றோரின் துக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் யஃகூப் நபியின் வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். யூஸுஃபுக்காக அழுது அழுது அவர்களுடைய பார்வையே போனது. அவர்களுக்கு ஈமான் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இன்று மகனுக்காக அழும் ஒரு தாயிடம் "ஸபர் இல்லையா உனக்கு" என்று கேட்டுவிடுகிறோம்.

பெற்றோர் ஒன்றுகூடினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று இருக்கிறது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளியைத் தனியாக உள்ளே அடைக்காமல் அவருடைய குடும்பத்தையும் வரவழைத்தார். மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பங்கள் தங்கின. சமைப்பதும் நோயாளிக்கு ஊட்டுவதும் அவர்கள் வேலை. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் 1957இல் தொடங்கியதிலிருந்தே இந்த வழியில் வந்ததுதான். அங்கே நோயாளியோடு ஒரு உறவினரும் தங்க வேண்டும். மருத்துவர் ஒரு நாளில் சில நிமிடங்கள்தான் வருவார். மற்ற நேரமெல்லாம் பக்கத்து அறைக்காரரோடுதான் பேச்சு. "என் மகளும் சேர்த்தப்போ இப்படித்தான் இருந்தா, இப்ப பாருங்க" என்ற ஒரு வார்த்தை புதிதாக வந்த குடும்பத்துக்கு எவ்வளவு தெம்பு தரும் என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக்கிடந்த எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் 1977இல் இரண்டு தாய்மார்கள் மதிய உணவுக்குச் சந்தித்தார்கள். இருவருடைய மகன்களுக்கும் மனச்சிதைவு நோய். அவர்கள் தொடங்கிய பேச்சு 1979இல் 'நாமி' என்ற நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்தது. இன்று அங்கே, தானே பயிற்சி பெற்ற ஒரு பெற்றோர், மற்ற பெற்றோருக்கு இலவசமாக வகுப்பு நடத்துகிறார். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுகிறவர் அவர். அதையொட்டி 1989இல் நோயாளிகளின் குடும்பத்தினரே சேர்ந்து 'ஆஷா' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். மருத்துவர்கள் ஊக்கம் கொடுத்தார்கள், நடத்தியது குடும்பத்தினர். இவை பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கானவை. பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் முன்கூட்டியே சேர வேண்டும் என்பது எங்கள் கருத்து. அந்த வயதில் பள்ளியும் பரீட்சையும் இன்னும் கைவிட்டுப் போகவில்லை.

மருத்துவர் சொல்லாத எதை இன்னொரு பெற்றோர் சொல்லிவிடப் போகிறார் என்று கேட்கலாம். ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறோம். நம் வீடுகளில் இது அதிகம், கவனிப்பு மிகக் குறைவு.

பதினான்கு வயதுப் பெண் உளூச் செய்ய முப்பது நிமிடம் எடுக்கிறாள். கை கழுவினதை மறுபடி கழுவுகிறாள். தக்பீர் கட்டியவள் நிய்யத் சரியில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டுகிறாள். தொடக்கத்தில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "மாஷா அல்லாஹ், என்ன பேணுதல்!" ஆறு மாதத்தில் கைத்தோல் வெடித்துவிடுகிறது, மேல் தொட்டித் தண்ணீர் காலையிலேயே தீர்ந்துபோகிறது, பள்ளி வேன் தினமும் தவறுகிறது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை "என் தொழுகை கூடுச்சாம்மா?" என்று கேட்கிறாள். இது ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். வஸ்வாஸ் என்று சொல்லி விட்டுவிடுகிற இடம் இதுதான். ஆனால் இதற்குச் சிகிச்சை உண்டு. செய்ததைத் திரும்பச் செய்யத் தூண்டும் பதற்றத்தைப் படிப்படியாகத் தாங்கப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் கொடுப்பார்கள்.

மருத்துவர் தாயிடம் சொல்வது: "நீங்க திரும்பத் திரும்ப ஆறுதல் சொல்லாதீங்க." காரணம் எளிது. "கூடிடுச்சுமா" என்ற பதில் பத்து நிமிடத்துக்கு நிம்மதி தருகிறது, பதினோராவது நிமிடம் அதே கேள்வியைத் திரும்பக் கொண்டுவருகிறது. பதில் நோய்க்குத் தீனி ஆகிவிடுகிறது. தாய் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறாள். இரவு பத்து மணிக்கு மகள் அழுதுகொண்டே கேட்கும்போது எப்படிப் பதில் சொல்லாமல் இருப்பது? இங்கேதான் இதைச் செய்து பார்த்த இன்னொரு தாய் வேண்டும். "நான் இப்படிச் சொன்னேன்: 'ஒரு தடவை சொல்லிட்டேன்டா, இனி சொல்லமாட்டேன். உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியும், நான் இங்கேயே இருக்கேன்.' முதல் வாரம் அவ கத்துனா, நான் பாத்ரூம்ல போய் அழுதேன். எங்க நன்னி 'பெத்தவளா நீ'ன்னு திட்டுனாங்க. மூணாவது வாரம் கேள்வி பாதியாக் குறைஞ்சுது." திட்டிய பாட்டியை எப்படிச் சமாளித்தாள் என்பதும், எந்த வாரம் கைவிடத் தோன்றியது என்பதும் எந்த மருந்துச் சீட்டிலும் இருக்காது. கூடவே ஒரு நல்ல ஹஜ்ரத் இருந்தால் பெரும் உதவி. உறுதியான ஒன்று வெறும் சந்தேகத்தால் நீங்கிவிடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. அதை அவர் அந்தப் பெண்ணுக்கு ஒரே முறை தெளிவாகச் சொல்லிவிட்டு, மறுபடி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க வேண்டும். மருத்துவரின் திட்டமும் ஹஜ்ரத்தின் பதிலும் ஒரே திசையில் போகும்.

மருந்தைப் பற்றிய பயமும் இப்படித்தான். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். முதல் நாட்களில் குமட்டல், தூக்கக் கலக்கம் முன்னால் வந்துவிடும், பலன் பின்னால்தான் வரும். இது தெரியாமல் பத்தாவது நாளில் "இது ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர். இளம் வயதினருக்கு இந்த மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் பதற்றமோ, சாக வேண்டும் என்ற எண்ணமோ கூடுகிறதா என்று வீட்டார் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும், கூடினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்த மனநல மருந்தையும் நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

ரமலானைத் தனியாகச் சொல்ல வேண்டும். நோன்பு கடமையான வயதை எட்டிய பிள்ளை, மாத்திரைக்காக நோன்பை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும், அல்லது நோன்புக்காக மாத்திரையை விட்டுவிடும். இதை ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டு முடித்துவிட வேண்டும். பல மருந்துகளின் நேரத்தை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றித் தர முடியும். லித்தியம் சாப்பிடும் பிள்ளைக்கு மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறி ஆபத்தாகலாம். இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதே நோயைக் கிளப்பிவிடும். தராவீஹ், ஸஹர் என்று இரவு முழுதும் விழித்திருப்பதும் அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை ஆலிமிடம் கேட்டு, பிள்ளையின் முன்னாலேயே சொல்லவையுங்கள். நாம் சொன்னால் சமாதானம் ஆகாத பிள்ளை அவர் சொன்னால் ஆகும்.

இனி, இப்படி ஒரு சந்திப்பை நடத்துவது எப்படி என்று பார்ப்போம். ஆறு முதல் எட்டுக் குடும்பங்கள் போதும். அதற்கு மேல் போனால் பேச வந்தவர் பேசாமலே திரும்புவார். தாய்மார்களுக்குத் தனியாகவும் தந்தையருக்குத் தனியாகவும் வைத்தால்தான் நம் ஊரில் வாய் திறக்கும். தந்தையர் வட்டம் மெதுவாகத்தான் வளரும். ஆண்கள் முதல் இரண்டு சந்திப்பில் கிரிக்கெட்டும் வீட்டு வரியும் பேசுவார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டும். சந்திப்பு அவரவர் மஹல்லா பள்ளிவாசலில் வேண்டாம். வேறு பகுதியாக இருந்தால், யார் எதற்குப் போகிறார்கள் என்று வாசலில் நின்று எண்ணுகிறவர்கள் குறைவு. பலகையில் "பெற்றோர் சந்திப்பு" என்று மட்டும் இருக்கட்டும்.

அங்கே பேசியது அங்கேயே முடிய வேண்டும். இந்த ஒரு விதி உடைந்தால் வட்டமே உடைந்துவிடும். சம்பந்தம் பேசும் வீடுகள் நிறைந்த சமூகத்தில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் முதல் சந்திப்பிலேயே ஒவ்வொருவரும் அல்லாஹ்வை முன்னிறுத்தி அமானிதமாக ஏற்க வேண்டும். வாட்ஸ்அப் குழு வேண்டாம் என்பது எங்கள் கண்டிப்பான கருத்து. ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், எல்லாம் போய்விடும். நேரம், இடம் சொல்ல மட்டும் தனித்தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

"என் மகனுக்கு இந்த மாத்திரைதான் குணமாச்சு, நீங்களும் கேட்டுப் பாருங்க" என்று யாரும் மருந்துப் பெயர் சொல்லக் கூடாது. நோய்க்குப் பெயர் வைக்கவும் கூடாது. ஃபத்வா கொடுக்கவும் கூடாது. "உன் பிள்ளை பரவாயில்லை, என் பிள்ளை இருக்கானே" என்று துக்கத்தில் போட்டி தொடங்கினால் நடத்துகிறவர் மெதுவாகத் திருப்பிவிட வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வட்டத்தில் குரல் ஓங்கிய ஒருவர் "மருந்தெல்லாம் ஏமாத்து வேலை" என்று நம்புகிறவராக இருந்தால், நாலு குடும்பம் அவர் பின்னால் போய்விடும். இதைத் தடுக்க ஒரு மனநல மருத்துவரோ உளவியலாளரோ இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வது நல்லது. அவர் தினமும் உட்கார்ந்தால் அது ஆஸ்பத்திரி ஆகிவிடும்.

பிள்ளையைக் கேட்க மறந்துவிடாதீர்கள். பதினைந்து வயதுப் பையனின் கதை அவனுடையது. தன் கையில் இருந்த தழும்பைப் பற்றி அம்மா பத்துப் பேரிடம் சொன்னாள் என்று பின்னால் தெரிந்தால், அவன் மறுபடி அம்மாவிடம் எதையும் சொல்லமாட்டான். "எனக்கு ஆறுதலுக்கு ஒரு இடத்துக்குப் போறேன், உன் பேரைச் சொல்லமாட்டேன், என் பயத்தைத்தான் பேசுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. வட்டத்தில் பேச வேண்டியதும் அதுதான்: பெற்றோரின் பயம், களைப்பு, கணவன் மனைவிக்குள் வந்த விரிசல், கவனிக்கப்படாமல் போன மற்றப் பிள்ளைகள்.

ரகசியத்துக்கு ஒரு விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியம் இல்லை. "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு, பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையால் கையை மறைப்பது இவையெல்லாம் கவனிக்க வேண்டியவை. "செத்துப் போகலாம்னு தோணுதாடா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் அவன் சொல்ல வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, எலி மருந்து, பூச்சி மருந்து எல்லாவற்றையும் பூட்டி எடுத்து வையுங்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசுச் சேவை இது, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கியவர்களும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே பார்க்கச் சொல்கிறது. அதற்குத் தண்டனை சொன்ன பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை.

உழவர்கரைவாசிகளான நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை. கோரிமேட்டில் ஜிப்மரும், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியும் நம் நகராட்சி எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து விடிவதற்கு முன் பேருந்து ஏறி ஜிப்மருக்கு வருகிறார்கள். நாமோ ஆட்டோவில் போகும் தூரத்தில் இருந்துகொண்டு, தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று சென்னைக்குப் போகிறோம். போகும்போது பள்ளிக்கூடத்து ஆசிரியர் கவனித்தது, தூக்கம், சாப்பாடு, எப்போது தொடங்கியது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே பதற்றத்தில் பாதி மறந்துவிடும்.

சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மைனர் பிள்ளையை மனநலப் பிரிவில் சேர்த்தால், பெரியவர்களிடமிருந்து தனியாகத் தங்கவைக்க வேண்டும், பெற்றோரோ அவர்கள் நியமித்தவரோ முழு நேரமும் உடன் இருக்க வேண்டும். யாரையும் எங்கேயும் சங்கிலியால் கட்டுவது குற்றம். பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் நிலை மாறுகிறது. தனக்காகப் பேசும் பிரதிநிதி யார் என்று தீர்மானிக்கும் உரிமை அவனுக்கு வந்துவிடுகிறது, மருத்துவரும் அவன் சம்மதமில்லாமல் எல்லாவற்றையும் பெற்றோரிடம் சொல்லமாட்டார். பதினேழாவது வயதிலேயே இதைப் பற்றி அவனோடு பேசி வைப்பது பின்னால் வரும் சண்டையைக் குறைக்கும்.

இன்ஷா அல்லாஹ், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நம் அறக்கட்டளை அலுவலக மாடியில் தாய்மார்களுக்கு லுஹருக்குப் பிறகும், தந்தையருக்கு இஷாவுக்குப் பிறகும் ஒன்றரை மணி நேரம் இடம் ஒதுக்கியிருக்கிறோம். பெயர்ப் பதிவு இல்லை, கையெழுத்து இல்லை, உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. மற்ற சமயத்துப் பெற்றோரும் வரலாம். வெளிநாட்டில் இருக்கும் தந்தை பேச விரும்பினால், தந்தையர் வட்டத்தில் ஒருவர் அவருடன் தனியாகப் போனில் பேசுவார். சின்னப் பிள்ளைகளை வீட்டில் விட முடியாதவர்கள் கூட்டி வரலாம், கீழே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.